4 அடி மீன் தொட்டிக்கு கேனிஸ்டர் ஃபில்டர்: 1400 போதுமா, 2000 வாங்கணுமா?

தாம்பரம்_தொட்டி · ஞாயிறு இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். என் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே 5 ஏஞ்சல், 12 ரம்மிநோஸ், 6 கோரி மீன். பின்பக்கம் முழுக்க வல்லிஸ்நீரியா செடி, ரெண்டு மரக்கட்டையில அனுபியாஸ் செடி. ரெண்டு வருஷமா மேலே உட்கார்ற டாப் ஃபில்டர்தான் ஓடுது. மீனுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா டிவி இருக்கிற ஹால்ல ராத்திரி பகலா குழாய் திறந்து விட்ட மாதிரி சத்தம். மூடியும் சரியா உட்காராது.

இன்னிக்கு கொளத்தூர் மீன் மார்க்கெட் போனேன். கடையில ரெண்டு கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே கீழே வைக்கிற, மூடின டப்பா ஃபில்டர்) காட்டினாங்க. ஒண்ணு மணிக்கு 1400 லிட்டர், இன்னொண்ணு 2000. "பெருசா எடுத்துட்டுப் போங்க, குறைச்சு வச்சுக்கலாம்"ன்னு கடைக்காரர் சொல்றார். விலையில பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டுலயும் யுவி (புற ஊதா) லைட் இருக்கு. எதை எடுக்கலாம்?

கப்பி_ராஜா · 9:52

ப்ரோ, கேனிஸ்டரே வேணாம். ரெண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஏர் பம்ப். மிச்ச காசுல மீன் வாங்குங்க.

தாம்பரம்_தொட்டி · 9:55

ஏர் பம்ப் சத்தத்துக்கு எங்க வீட்டுல டாப் ஃபில்டரே தேவலாம்னு சொல்லிடுவாங்க 🙂

பழைய_கெளுத்தி · 10:30

தம்பி, முதல்ல உங்க தொட்டில எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு கணக்குப் போடுங்க. 4 x 1.5 x 1.5 = 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 255 லிட்டர். மணல், கட்டை, மேலே விடுற ரெண்டு அங்குல இடைவெளி எல்லாம் கழிச்சா 210 பக்கம் வரும்.

மணிக்கு தொட்டித் தண்ணி நாலு தடவை சுத்தினா நல்லதும்பாங்க. 840 லிட்டர் ஆச்சு. அப்போ 1400 தாராளம்னு தோணும். ஆனா பெட்டியில போட்டிருக்கிற எண் வெறும் பம்ப்புக்கு. உள்ளே மீடியா (ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் மாதிரி வடிகட்டுற சாமான்) இல்லாம, நீளக் குழாய் இல்லாம அளந்தது. நீங்க கேனிஸ்டரைக் கீழே கேபினட்ல வைப்பீங்க. தண்ணி மூணரை, நாலு அடி குழாய்ல உரசிக்கிட்டு இறங்கி ஏறணும், ஸ்பாஞ்சையும் ரிங்கையும் தாண்டணும். மூணுல ஒரு பங்கு கண்டிப்பா போயிடும், சில சமயம் பாதியே போகும். அழுக்கு சேரச் சேர இன்னும் குறையும்.

இதை வச்சு 2000-ஐ வாங்குங்கன்னு நான் சொல்லப்போறதா நினைக்காதீங்க. உங்ககிட்ட இருக்கிறது ஏஞ்சல். தட்டு மாதிரி உடம்பு, பாய்மரம் மாதிரி துடுப்பு. மெதுவா ஓடுற தண்ணிக்குப் பிறந்த மீன். 2000-ஐ வச்சா மூலையில ஒதுங்கி நின்னு நாள் முழுக்க எதிர்நீச்சல் போடும்.

கடைக்காரர் சொன்ன "குறைச்சு வச்சுக்கலாம்" பாதி சரி. வெளியேத்துற பக்கம் வால்வைக் கொஞ்சம் மூடினா பம்ப்புக்கு ஆபத்து இல்ல. உறிஞ்சுற பக்கத்தை மட்டும் மூடிடாதீங்க. பம்ப் தண்ணி கிடைக்காம காத்தை இழுத்து கடகடன்னு கத்தும், இம்பெல்லர் (பம்ப்புக்குள்ள சுத்துற சக்கரம்) போயிடும். ஆனா பாதி மூடியே ஓட்டப்போற பம்ப்புக்கு முழு கரண்ட் பில் எதுக்குக் கட்டணும்?

ஓரண்டா_அக்கா · 10:48

பெட்டி நம்பர் பத்தி கெளுத்தி அண்ணே சொன்னது அத்தனையும் நெசம். நான் அளந்தே பார்த்திருக்கேன். என்னோடதும் 1400 போட்டதுதான். ஸ்பிரே பாரை (தண்ணிய வெளியேத்துற, துளை போட்ட குழாய்) கழட்டிட்டு, வெளியே வர்ற குழாயைத் தொட்டி விளிம்பு உயரத்துலயே பிடிச்சு 10 லிட்டர் பக்கெட்ல விட்டேன். கழுவின அன்னிக்கு 38 விநாடியில ரொம்புச்சு. மணிக்கு 947 லிட்டர். மூணு மாசம் கழிச்சு அதே பக்கெட், 62 விநாடி. 580 லிட்டர்தான்! தங்கமீன் வளர்க்கிறவளுக்கு அழுக்கு எவ்வளவு சேரும்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பக்கெட்டைக் கீழே தரையில வச்சு அளக்காதீங்க. குழாய் கீழே இறங்கினா ஏத்தம் குறைஞ்சு பொய்க் கணக்கு வரும்.

தாம்பரம்_தொட்டி · 10:55

அக்கா, இது சூப்பர். அப்போ 1400-ஐயே முடிவு பண்ணிடவா?

பழைய_கெளுத்தி · 11:10

அவசரப்படாதீங்க. லிட்டர் கணக்கு அஞ்சு நிமிஷ வேலை, அது முடிஞ்சது. வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது வேற ஒண்ணு: "இதுக்கு இம்பெல்லரும் மூடி ஓ-ரிங்கும் (ஒழுகாம அடைக்கிற ரப்பர் வளையம்) தனியா கிடைக்குமா? இப்ப கையில இருக்கா?" அலமாரியில இருந்து எடுத்துக் காட்டினா வாங்குங்க. "ஆர்டர் பண்ணா வரும்"னா வேற கடை பாருங்க.

என் வீட்டுல ஏஹைம்ங்கிற ஜெர்மன் கம்பெனியோட 2217 கேனிஸ்டர் ஒண்ணு 2009-ல இருந்து ஓடுது. 20 வாட், மணிக்கு 1000 லிட்டர்னு போட்டிருக்கும், 6 லிட்டர் மீடியா கொள்ளும். தட்டு கிடையாது, அடுக்கு கிடையாது, வெறும் டப்பா. இத்தனை வருஷத்துல ஒரு இம்பெல்லர், மூணு ஓ-ரிங் மாத்தியிருக்கேன். அதோட தம்பி 2213 வெறும் 8 வாட், 440 லிட்டர். அதை ரெண்டரை அடி தொட்டியில வச்சிருக்கேன்.

சீனக் கம்பெனி சன்சன்ல 302, 303, 304-னு வரிசை. ஃப்ளூவல்ல 107, 207, 307, 407. ரெண்டுலயும் அடுக்குக் கூடை இருக்கு, கழுவ சௌகரியம். ஜெர்மன்காரன் பொருளுக்குக் கொடுக்கிற காசுல சீனத்துல ரெண்டு வாங்கலாம், அது உண்மைதான். என்னைக் கேட்டா, உதிரி பாகம் உள்ளூர்ல கிடைக்கிற சீனம், உதிரி பாகம் கிடைக்காத ஜெர்மனியை விட மேல்.

கப்பி_ராஜா · 11:14

ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு உதிரி பாகமே வேணாம்.

ஓரண்டா_அக்கா · 11:16

ராஜா, தூங்கப் போ.

வயர்மேன்_72 · திங்கள் காலை 6:20

கரண்ட் பக்கம் யாரும் பேசல.

24 மணி நேரமும் ஓடுற சாமான். நமக்கு பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. 60 நாள் கணக்கு: 8 வாட்டுக்கு 11.5 யூனிட். 20 வாட்டுக்கு 28.8. 35 வாட்டுக்கு 50.4. 55 வாட்டுக்கு 79.2. பெருசு எப்பவும் நல்லதுன்னு சொன்ன கடைக்காரர் இந்தப் பில்லைக் கட்டப்போறதில்ல.

ரெண்டாவது, பிளக். கேபினட் தரையில எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைக்காதீங்க. சுவத்துல உயரமா மாட்டுங்க. வயர் நேரா பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்கை விடக் கீழே ஒரு வளைவு தொங்கி, அப்புறம் மேலே ஏறணும். வயர் வழியா இறங்குற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். வீட்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லேன்னா முதல்ல அதைப் போடுங்க, அப்புறம் ஃபில்டர் வாங்கலாம்.

மூணாவது, இன்வெர்ட்டர். ஸ்கொயர் வேவ்ல போட்டா இந்த மோட்டார் உறுமும், சூடாகும். சைன் வேவ்னா பிரச்சினை இல்ல. 20 வாட் 5 மணி நேரம் ஓடினா 100 வாட் அவர். வீட்டு பேட்டரிக்கு அது கொசுக்கடி.

தாம்பரம்_தொட்டி · 7:45

அண்ணா, எங்க வீட்டுல இன்வெர்ட்டர் இல்ல. பராமரிப்புன்னு ஷட் டவுன் வந்தா காலை 9-ல இருந்து மதியம் 2 வரை கரண்ட் இருக்காது. அந்த 5 மணி நேரம் ஃபில்டர் நின்னா என்ன ஆகும்? டாப் ஃபில்டர் அப்படி எத்தனையோ தடவை நின்னிருக்கு, ஒண்ணும் ஆனதில்லையே.

பழைய_கெளுத்தி · 8:30

நல்ல கேள்வி. டாப் ஃபில்டர் நின்னா தண்ணி வடிஞ்சிடும், பஞ்சு ஈரமா காத்துல கிடக்கும். அதுல குடியிருந்து மீன் கழிவைச் சுத்தம் பண்ற பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் கிடைச்சுக்கிட்டே இருக்கும். கேனிஸ்டர் அப்படியில்ல. இறுக்கி மூடின டப்பா. உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியா, புதுத் தண்ணி வராது. இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்னு தீர்த்துட்டு மூச்சு முட்டும். நம்ம ஊர் வெயில்ல அது இன்னும் சீக்கிரம் நடக்கும்: 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 30 டிகிரியில 7.5-தான்.

அரை மணி, ஒரு மணி நேரம்னா கவலை இல்ல. மூணு நாலு மணி நேரம் தாண்டினா, கரண்ட் வந்த உடனே தானா ஓட விடாதீங்க. உள்ளே நாறிப்போன தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள கொட்டும். ஒரு தடவை நான் ஊர்ல இல்லாதப்போ அது நடந்தது. அழுகின முட்டை வாசனை. திரும்பி வந்தப்போ ஆறு மீன் மிச்சம்.

வெளியே கிளம்பும்போது ஷட் டவுன் இருக்குன்னு தெரிஞ்சா ஸ்விட்சை அணைச்சுட்டுப் போங்க. வந்ததும் டப்பாவைத் திறந்து உள்தண்ணியக் கொட்டிட்டு, தொட்டித் தண்ணியில மீடியாவை ஒரு அலசு அலசி, திரும்ப ஓட விடுங்க. வீட்டுல ஆள் இருந்தா இன்னும் சுலபம்: கூடையைத் தூக்கி தொட்டித் தண்ணி நிரப்பின பக்கெட்ல வச்சு, பேட்டரி ஏர் பம்ப்பை அதுல போட்டுடலாம்.

கப்பி_ராஜா · 8:41

இதுக்குத்தான் சொன்னேன். கேனிஸ்டரோட ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தொட்டியில இருக்கட்டும். கரண்ட் போனா அதுக்கு மட்டும் பேட்டரி பம்ப்.

பழைய_கெளுத்தி · 8:44

இதுல ராஜா சொல்றது நூத்துக்கு நூறு சரி.

கப்பி_ராஜா · 8:45

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டேன் அண்ணே.

சிறுவாணிக்காரன் · 1:15

தண்ணி பத்தியும் சொல்லோணுமுங்க. எனக்குக் கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணி. மென்மையான தண்ணி, உப்பே இல்ல. நாலு வருஷத்துல இம்பெல்லர்ல ஒரு வெள்ளைப் புள்ளி பார்த்ததில்ல. மச்சான் வீடு சென்னை, போர் தண்ணி, டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்பு அளவு) 900-க்கு மேல. அவரோட கேனிஸ்டர்ல இம்பெல்லர் தண்டு முழுக்கச் சுண்ணாம்பு படிஞ்சு, ஒரு நாள் சுத்தாம நின்னு போச்சுங்க. பிடிச்சு இழுத்ததுல செராமிக் தண்டு பட்டுன்னு ஒடிஞ்சது. இழுக்காம அரை நாள் வினிகர்ல ஊறப்போட்டிருந்தா தானா விட்டிருக்கும். எலுமிச்சம்பழச் சாறும் ஆகும்.

தம்பி, உங்களுக்கு என்ன தண்ணிங்க?

தாம்பரம்_தொட்டி · 1:40

போர் தண்ணிதாங்க. டிடிஎஸ் 700 பக்கம்.

சிறுவாணிக்காரன் · 1:42

அப்ப மாசம் ஒருக்கா இம்பெல்லரைக் கழட்டிப் பார்த்துருங்க.

ஈசூன்_தமிழ் · 2:20

சிங்கப்பூர்ல இருந்து. எங்களுக்குக் கரண்ட் போறது அபூர்வம். ஆனா இங்கே குழாய்த் தண்ணியில குளோரமின். ஒரு நாள் பக்கெட்ல பிடிச்சு வச்சா குளோரின் போற மாதிரி இது போகாது, மருந்து ஊத்தித்தான் போக்கணும். நான் புதுசா ஆரம்பிச்சப்போ கேனிஸ்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில பளிச்சுன்னு கழுவி மாட்டினேன். நாலாவது நாள் மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம் ஏறிடுச்சு. வளர்த்த பாக்டீரியா மொத்தத்தையும் நானே சாகடிச்சிருக்கேன்.

அங்கேயும் மெட்ரோ தண்ணியில குளோரின் இருக்குமில்ல? மீடியாவைத் தொட்டித் தண்ணியில மட்டும் அலசுங்க. பளிச்சுன்னு ஆக வேணாம், பழுப்பா இருந்தா இருக்கட்டும்.

தாம்பரம்_தொட்டி · இரவு 9:05

இவ்வளவு விஷயம் இருக்குன்னு தெரியாம கடையிலேயே பணம் கட்டியிருப்பேன். இன்னும் ரெண்டு சந்தேகம். கடைக்காரர் மீடியா வரிசை எழுதிக் கொடுத்தார்: அடிக்கூடையில வெள்ளைப் பஞ்சு, நடுவுல செராமிக் ரிங், மேல்கூடையில நீல ஸ்பாஞ்ச், அது மேல கரி. சரியா? அப்புறம் யுவி வேணுமா?

ஓரண்டா_அக்கா · 9:20

தலைகீழாச் சொல்லியிருக்காரு. கூடை வச்ச கேனிஸ்டர்ல தண்ணி ஓரமா அடிக்கு இறங்கி, அங்கிருந்து கூடை வழியா மேலே ஏறும். அழுக்கு முதல்ல சந்திக்கிறது அடிக்கூடை. அங்கே மெல்லிய பஞ்சை வச்சா பத்து நாள்ல களிமண் மாதிரி அடைச்சுக்கும். அடியில பெரிய துளை ஸ்பாஞ்ச், நடுவுல ரிங், மேலே கடைசியா மெல்லிய பஞ்சு. ரசம் வடிகட்டுறப்போ முதல்ல புளிச்சக்கை பெரிய வடிகட்டியில நிக்கணும், துணி அப்புறம்தான்.

கரி எதுக்கு? மருந்து போட்டு முடிஞ்சதும் தண்ணியில மிச்சம் இருக்கிறதை எடுக்க வைக்கலாம், கட்டையில இறங்குற பழுப்பு நிறத்துக்கு வைக்கலாம். சும்மா நாள்ல அந்த இடத்துல ரிங்கைப் போடுங்க.

பழைய_கெளுத்தி · 9:45

அக்கா சொன்ன வரிசைதான். ரிங்குக்குன்னு அதிகம் செலவு பண்ணாதீங்க. ஸ்பாஞ்ச்லயும் பாக்டீரியா அதே மாதிரிதான் குடியிருக்கும். எரிமலைக் கல் உடைச்சது கிடைச்சா அதுவும் போதும்.

யுவி பத்தி. பச்சைத் தண்ணி ஆகுதுன்னா அதை யுவி அடிக்கும், சந்தேகமே இல்ல. கண்ணாடியிலயும் இலையிலயும் ஒட்டியிருக்கிற பாசியை அது தொடாது. லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் ஒரு வருஷத்துல வீரியம் குறைஞ்சிடும், மாத்தணும். மருந்து போடும்போது அணைக்கணும். உங்களுக்குப் பச்சைத் தண்ணி தொல்லை இல்லேன்னா யுவி இல்லாத மாடலைப் பாருங்க. மூடியில ஒரு ஓட்டை குறைஞ்சா ஒழுக ஒரு இடம் குறைஞ்சது.

வயர்மேன்_72 · 9:50

வாட்டும் குறையும்.

சிறுவாணிக்காரன் · 10:05

ஒழுகறதுன்னதும் ஞாபகம் வருதுங்க. என் முதல் கேனிஸ்டர் (கம்பெனி பேர் வேண்டாம்) ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால் முழுக்கத் தண்ணி. காலைல பார்த்தா தொட்டியில முக்கால்வாசி இல்ல. தப்பு பாதி என்னோடது. ஓ-ரிங்ல ஒரே ஒரு மணல் துகள், துடைக்காம மூடியிருக்கேன். உறிஞ்சுற குழாய் தொட்டி அடி வரைக்கும் போயிருந்ததால அது எட்டுற வரைக்கும் தண்ணி இறங்கிருச்சு.

இப்ப என்ன பண்றேன்னா, கேனிஸ்டரை அகலமான பிளாஸ்டிக் டப்புல உட்கார வச்சிருக்கேன். ஓ-ரிங்குக்கு சிலிக்கான் கிரீஸ்தான். வாசலின் தடவாதீங்க, ரப்பர் ஊதிப்போகும்.

தாம்பரம்_தொட்டி · 10:20

கேபினட் உள் உயரம் 21 அங்குலம். போதுமா?

ஓரண்டா_அக்கா · 10:24

டப்பா உயரத்தை மட்டும் பார்க்காதீங்க. மேலே குழாய் மடங்காம வளைய அரை அடியாவது வேணும். மடங்கினா அங்கேயே பாதி வேகம் போச்சு. வெளியே இழுக்கறதுக்குக் கதவும் முழுசாத் திறக்கணும். தண்ணியோட ஒரு கேனிஸ்டர் பத்து கிலோவுக்குக் குறையாது, இடுப்பு உங்களோடது.

தாம்பரம்_தொட்டி · அடுத்த ஞாயிறு மாலை 6:30

வாங்கியாச்சு. மூணு கடை ஏறி இறங்கினேன். 1400 வாங்கல! 1000 லிட்டர், 18 வாட், யுவி இல்லாதது. காரணம், அந்தக் கடையில மட்டும்தான் இம்பெல்லரும் ஓ-ரிங்கும் எடுத்து மேஜை மேல வச்சாங்க. ரெண்டையும் சேர்த்து வாங்கிட்டேன்.

பழைய டாப் ஃபில்டரை இப்பவே எடுத்துடலாமா?

பழைய_கெளுத்தி · 7:00

கூடவே கூடாது. புது கேனிஸ்டர்ல இன்னிக்கு ஒரு பாக்டீரியாவும் இல்ல. அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துற கூட்டம் குடியேற நாலு வாரம் வேணும். அதுவரைக்கும் ரெண்டும் ஓடட்டும். டாப் ஃபில்டர் பஞ்சுல பாதியை எடுத்து அப்படியே கேனிஸ்டர் மேல்கூடையில போடுங்க, சீக்கிரம் பிடிக்கும்.

1000-ன்னா உங்களுக்கு நிஜத்துல 650, 700 வரும். நான் சொன்ன நாலு தடவைக்குக் கொஞ்சம் குறைவுதான். ஆனா ஏஞ்சலுக்கும் செடிக்கும் அது இதம். கூட்டம் கம்மியா இருக்கிற தொட்டி, கூட ஸ்பாஞ்சும் இருக்கும். தைரியமா ஓட்டுங்க.

ஸ்பிரே பாரைத் தண்ணி மட்டத்துக்குச் சரியா, நீர்ப்பரப்பு லேசா நெளியற மாதிரி வைங்க. கேனிஸ்டர் தானா காத்தைச் சேர்க்காது, அந்த நெளிவுதான் சேர்க்கும். ரொம்ப மேலே தூக்கினா மறுபடி குழாய் சத்தம்.

வாரம் ஒருக்கா தண்ணி மாத்துறதை நிறுத்திடாதீங்க. நைட்ரேட்டை எந்த கேனிஸ்டரும் தின்னாது. அழுக்கு கண்ணுக்குத் தெரியாம டப்பாவுக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்.

தாம்பரம்_தொட்டி · ஏழு வாரம் கழித்து, ஞாயிறு காலை 11:15

இழையை மறக்கல. ஒரு மாசம் ரெண்டையும் ஓட்டி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் டாப் ஃபில்டரை எடுத்தேன். ராஜா சொன்ன ஸ்பாஞ்ச் ஒரு மூலையில இருக்கு, அதோட பம்ப்பை மட்டும் பால்கனியில தொங்கவிட்டு ட்யூப் இழுத்துட்டேன்.

ஒரு வினோதம். ஹால்ல சத்தமே இல்ல, அதுவே வம்பாப் போச்சு. போன புதன் ஷட் டவுன். வந்து திறந்து கழுவி மாட்டினேன், ஸ்விட்ச் போட்டேன், சத்தம் இல்ல, நல்லா ஓடுதுன்னு படுத்துட்டேன். காலைல அம்மாதான் பார்த்தாங்க: "வல்லிஸ்நீரியா இலை ஏன்டா ஆடாம நிக்குது?" உள்ளே காத்து அடைச்சு ராத்திரி முழுக்க ஒரு சொட்டுத் தண்ணி போகல. டப்பாவை ரெண்டு பக்கமும் சாய்ச்சு ஆட்டினதும் பொளபொளன்னு காத்து வெளியே வந்து ஓட ஆரம்பிச்சது. உள்ளே தேங்கினதைக் கொட்டாம ஓட விட்டது தப்புதான், அப்புறம்தான் உறைச்சது. ஸ்பாஞ்ச் இருந்ததால மீனுக்கு ஒண்ணும் ஆகல.

கப்பி_ராஜா · 11:17

🙏

ஓரண்டா_அக்கா · 11:30

கழுவி மூடும்போது டப்பாவை முழுக்கத் தண்ணி ரொப்பிட்டு மூடுங்க, காத்து அடைக்காது. பக்கெட் கணக்கு பார்த்தீங்களா?

தாம்பரம்_தொட்டி · 11:50

இப்பத்தான் பார்த்தேன் அக்கா. புதுசுல 49 விநாடி. இன்னிக்கு 58.

ஓரண்டா_அக்கா · 11:52

70 ஆகட்டும், அப்புறம் திறங்க.